ஐயரம்மா வரையாத முகம்

டிங். டிங். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அதற்குள் தண்ணீர் கலங்குகிற சத்தம், மறுபடி ஒரு டிங். கண்ணாடி டம்ளரின் விளிம்பில் பிரஷ்ஷின் மரக்காம்பு தட்டுகிறது. நான் கண்ணைத் திறக்கவில்லை. வெளிச்சம் மறைக்க முகத்தின் மேல் போட்டிருந்த ஈரத்துண்டு காய்ந்து மொடமொடத்துவிட்டது, அதற்குள் என் மூச்சு எனக்கே சூடாகத் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தால் சத்தம் நின்றுவிடும் என்று தோன்றியது, திறக்காவிட்டால் நிற்கவே நிற்காது என்றும் தோன்றியது. ராத்திரி முழுக்க ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காதில் எந்நேரமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது எனக்குப் பழக்கம்தான், அது ஒரே இழுப்பாக ம்ம்ம் என்று போகும், எண்ணெய் வாசனையோடு போகும். இது தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு, ஒரு அலசல், ஒரு தட்டு. அப்படித் தட்டுகிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சுகிர்தம் அம்மா. ரிட்டயரான குருவானவர் வேதமுத்து ஐயரின் மனைவி, எங்கள் வீட்டுக்காரம்மா. எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அந்த ஐயரம்மாவை மழை தொடங்குவதற்கு முன்னாலேயே கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தாயிற்று. பெட்டியின் ஒரு மூலை என் தோளில்தான் இருந்தது, இவ்வளவு லேசான மனுஷியா என்று நினைத்ததும், அப்படி நினைத்ததற்காக அங்கேயே கூசியதும் ஞாபகம் இருக்கிறது. டிங். வயலட்டிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "பகல்ல தூங்குதவனுக்கு என்னதான் கேக்காது. முந்தா நேத்து தூக்கத்துல வால்வை மூடு வால்வை மூடுன்னு என் கையைப் பிடிச்சுத் திருகுனீங்க" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கேட்கவில்லையாம். அவள் பாத்திரம் விளக்குகிற நேரம், அவளுக்கு எப்படிக் கேட்கும்.

திரும்பிப் படுத்தேன், கன்னம் சுவரில் பட்டது, சுவர் குளிர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மாவின் மேஜை. ஜன்னலை ஒட்டிப் போட்டிருப்பார்கள், வெளிச்சம் இடது பக்கமிருந்து வரவேண்டுமாம். சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார் மகள், கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில், ஜாக்கெட்டுகளுக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு வில்லைக் கலர் டப்பாவை ஒளித்துக் கொண்டுவந்ததாக அம்மாவே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஐயருக்கு ஒரு வட்டாரத்துச் சபைகளிலிருந்து இன்னொன்றுக்கு, சேகரத்துக்குச் சேகரம் மாற்றல். செம்மணல் தேரிக்காட்டில் சபை கொடுத்த வீடாக ஒரு குருமனை, கடற்கரையில் ஒரு குருமனை, மலையடிவாரத்தில் ஒன்று, சாமான்களை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் அம்மா வரைந்து வைத்துக்கொள்வார்கள். அடுப்படி, பின்வாசல், கொடியில் காய்கிற ஐயரின் வெள்ளை அங்கி, கோயில் மணிக்கயிறு, அது தொங்குகிற சுவரில் கைபட்டுக் கைபட்டு விழுந்த அழுக்கு. "வீடு நம்மது இல்ல தம்பி, சபையோடது. ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட கமிட்டியில கேக்கணும். வரைஞ்சு வச்சா சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிரலாம்லா" என்பார்கள். பிரஷ்ஷை அலசிக்கொண்டேதான் சொல்வார்கள். கலர் தண்ணீரில் நீல நூலாகப் பிரிந்து, நூல் புகையாகி, புகை டம்ளர் முழுவதும் பரவுவதை நான் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், வாடகை கொடுக்க வந்தவன் போவதற்கு மனமில்லாமல். எல்லாப் படத்திலும் எல்லாமும் இருக்கும். ஆள் மட்டும் இருக்காது. மாதர் சங்கத்துப் பெண்கள் கேலி பேசுவார்களாம், "ஏம்மா, எங்க வீட்டுக் கோழியைக்கூட வரைஞ்சிருக்கிய, எங்க மூஞ்சிக்கு மட்டும் கலரு தீந்துட்டோ?" என்று. "உங்க அழகுக்கு என் டப்பா பத்தாதுட்டி" என்று அம்மா சிரிப்பார்களாம். சிரித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசமாட்டார்களாம். இது ஐயர் சொன்னது.

ஐயர் சொன்னது இன்னொன்றும் இருக்கிறது, அடக்கம் முடிந்த மறுநாள் சொன்னது, அதை நினைக்கக் கூடாது என்று நான் முடிவு பண்ணியிருப்பது. நினைக்கக் கூடாது என்றால்தான் அது வரும், மூடின வால்விலிருந்து சொட்டுகிற மாதிரி. முதல் சேகரத்தில் அம்மா ஆட்களை வரைந்திருக்கிறார்கள். கோயில் மணியடிக்கிறவரின் மனைவி செல்லக்கனி, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, தலையில் ஒரு பிச்சிச் சரத்தோடு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். படத்தைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டிய வாரமே காய்ச்சல் வந்து போய்விட்டாள். அது ஒரு காய்ச்சல், அந்த வருஷம் ஊரில் பலபேர் போனார்கள். அப்புறம் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற மாசிலாமணி வாத்தியார். அவரை வரைந்து கலர் காய்வதற்குள் கிணற்றில் குளிக்கப் போனவர் ஏறி வரவில்லை. அதோடு போதும். ஐயரம்மா வரைஞ்சா ஆள் நிக்காது. யார் முதலில் சொன்னார்களோ, ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குள் நுழைந்தால் தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மறைத்திருக்கிறார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, "ஐயரே, அம்மா பூவை வரையட்டும், புல்லை வரையட்டும். ஆளு வேண்டாம். சனங்க பயப்படுது" என்று சொல்லிவிட்டுப் போக, ஐயர் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்தபடி மனைவியிடம் சொன்னாராம், இனி ஆளை வரையாதே சுகிர்தம், என்னையும் சேத்துத்தான். அம்மா சரி என்றார்களாம். ரசம் ஊற்றினார்களாம். அந்தச் சரியோடு ஒரு ஆயுசு. இதைக் கேட்ட பிறகு அம்மாவின் ஆளில்லாத படங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நாற்காலி இருக்கும், அதன் மேல் ஒரு துண்டு கிடக்கும், துண்டில் உட்கார்ந்து எழுந்த மடிப்பு இருக்கும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், இறக்கி வைக்கக் கை இருக்காது. ஆள் இல்லாத வீடு மாதிரித் தெரியாது. நான் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னால் எல்லாரும் எழுந்து படத்துக்கு வெளியே போய், சட்டத்துக்குப் பக்கவாட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரித் தெரியும். டிங். டிங். ஒரு மத்தியானம், இதே பாயில், இதே மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தபோது ஜன்னலில் நிழல் தட்டியது. துண்டின் நெய்தல் வழியாகப் பார்த்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தார்கள், கையில் பலகை, பலகையில் தாள். தூங்குகிறவர்களை வரைவது சுலபம், அசையமாட்டார்கள் என்று எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஊர்ப் பேச்சு எதுவும் தெரியாது, ஆனாலும் உடம்பு தானாகவே புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பென்சில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. செருப்பு போகிற சத்தம்தான் வந்தது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கலங்குகிறது, இப்போது எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றுதான்.

"ஏங்க. எந்திரிங்க." வயலட் துண்டை உருவினாள், வெளிச்சம் மூஞ்சியில் அறைந்தது. சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. "ஐயருக்கு நகம் பருந்துக்கு வளந்த மாதிரி வளந்து கிடக்கு. சோறு பிசையுததைப் பாக்க முடியல. நான் வெட்டுதேன்னா பொம்பள கையில குடுக்க மாட்டேங்காரு. நீங்க போய் வெட்டிவிட்டுட்டு வந்து படுங்க." இப்போதா என்றேன். "பின்ன, ராத்திரி மோட்டார் ரூம்ல இருந்து வந்தா வெட்டப் போறீங்க? மத்தியானமும் பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு. கொஞ்சம் பேச்சுக் குடுத்துட்டு வாங்க. அம்மா போனதுல இருந்து அந்த மனுசன் யாரு கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்குத மாதிரியே இருக்காரு." நகவெட்டியைக் கையில் திணித்தாள். பழைய பேப்பர் ஒன்றையும் கொடுத்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போவதற்கு நாலு எட்டுதான், வெயில் காலைச் சுட்டது, அந்த நாலு எட்டுக்குள் நான் யாரைப் பார்க்கப் போகிறேன், மேஜைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார் என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

ஐயர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும்தான். கண்ணில் அழுத்தம் வந்து பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் ஆள் வந்தால் முகத்தைச் சரியாக அந்தப் பக்கம் திருப்புவார். ஆயுள் முழுக்க மழமழவென்று சவரம் பண்ணின முகம், அடக்கத்துக்கு அப்புறம் விட்டுவிட்டார், இப்போது தாடி வெள்ளையாக, நாடிக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து வளர்ந்திருந்தது. அம்மா இருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். "யாரு, தீமோத்தியா? கிரீஸ் வாசனை வருதே." குளித்துவிட்டுத்தான் ஐயா படுத்தேன் என்றேன். "உனக்கு உள்ள எறங்கிட்டுலே அது" என்று சிரித்தார். பேப்பரை அவர் மடியில் விரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு இடது கையை வாங்கினேன். குளிர்ந்த கை. எத்தனை பேர் தலையில் வைத்த கை, எத்தனை பெட்டியின் மேல் மண் போட்ட கை என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன், துண்டுகள் பேப்பரில் தெறித்தன. சோறு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன், இறங்கவில்லை என்றார். இடது கை முடிந்தது. வலது கையைத் திருப்பிப் பிடித்தேன், பிடித்தபடியே இருந்துவிட்டேன். நகத்துக்கடியில், ஒவ்வொரு விரலிலும், பாசி மாதிரிப் பச்சை. கட்டைவிரலில் பச்சையும் கருநீலமும் சேர்ந்து அடை அடையாக. "ஐயா, இது என்ன?" "எது?" "நகத்துக்குள்ள கலரு." அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் மேஜைப் பக்கம் போனது. "அப்போ கலரும் கரைஞ்சு வந்துட்டா?" என்றார்.

அவர்தான். மத்தியானம் மத்தியானம் தடவித் தடவி மேஜைக்குப் போய், டம்ளரில் தண்ணீர் மொண்டு வைத்து, அம்மாவின் பிரஷ்ஷை நனைத்து, அம்மாவின் கடைசிப் படத்தின் மேல் தடவிக்கொண்டிருந்தது அவர்தான். தட்டியதும் அவர்தான். "அவ தட்டுவால்லா. தட்டாம எடுத்தா கை ஒத்துக்க மாட்டேங்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, அவர் அடுத்த வார்த்தை பேசுகிற வரைக்கும்தான். "அவ பென்சிலை அழுத்திப் பிடிப்பா, தீமோத்தி. பேப்பர்ல பள்ளம் விழும். காஞ்ச பேப்பர்ல விரல் வச்சா ஒண்ணும் தெரியல. ஊற வச்சா கோடு விரல்ல தட்டுது. ஆனா அது மூக்கா, நாற்காலிக் கையான்னு பிடிபட மாட்டேங்கு. கலரு சுண்ணாம்பு மாதிரி, காஞ்சா பிடிச்சுக்கிடும்னுலா நினைச்சேன். போய்ப் பாத்துச் சொல்லு. நான் இருக்கனா?" நான் எழுந்திருக்கவில்லை. இருந்தால் என்ன ஐயா, இல்லாவிட்டால் என்ன என்றேன். "இருந்தா, அவ என் பேச்சை மீறிட்டா. எனக்கு அது போதும். இல்லேன்னா, நான் போட்ட விலங்கோடயே பெட்டிக்குள்ள போனா. அதை எங்கிட்டு வச்சுத் தாங்க?" ஊர்ப் பேச்சை நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. "பிரசங்க பீடத்துல ஏறி, அந்தப் பேச்சை நம்பாதீங்கன்னு சபைக்குச் சொன்னேன். அன்னைக்கு மத்தியானம் வீட்டுல வந்து வரையாதேன்னு அவகிட்ட சொன்னேன். ரெண்டுல எது நான் நம்புனது, நீயே சொல்லு." தாடிக்குள் வாய் கோணியது. "அவ வரைஞ்சிருந்தா நான் நிக்க மாட்டேன். அதுவும் நல்லதுதானே. போலே. போய்ப் பாரு."

மேஜைக்குப் போவதற்கு அறையின் பாதி நீளம்தான். அடக்கத்தன்று இந்தப் பலகையை நான் பார்த்திருந்தேன். கரும்பச்சைத் திரை, அதற்கு முன்னால் இதே பிரம்பு நாற்காலி, திரையின் பச்சை நாற்காலியின் பின்னல் வழியாகத் தெரிகிற மாதிரி, யாருமில்லாமல், கனமாக, அம்மா அதுவரை பூசாத அளவுக்கு அழுத்தமாக. ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பூச்சு பூசியிருந்தார்கள் என்று அன்றைக்கே தோன்றியது, எதற்கு இத்தனை என்றும் தோன்றியது. இப்போது திரை இல்லை. குளத்தில் தண்ணீர் வற்றினால் கரையில் பச்சை நிற்குமே, அந்த மாதிரி ஓரத்தில் ஒரு வளையம் நின்றது. நடுவில் தாள் வெளுத்து, நூல் நூலாக எழும்பி, இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்திலிருந்து ஒரு முகம் மேலே வந்துகொண்டிருந்தது. பென்சில்தான். நாற்காலியில் சாய்ந்த தலை, மூடிய கண்கள், லேசாகத் திறந்த வாய். நாடியைச் சுற்றிக் கோடு போட்டு அழித்து, மறுபடி போட்டு, மறுபடி போட்டு, அத்தனை கோடும் இருந்தது, விட்டுப்போனதையெல்லாம் ஒரே முகத்தில் பிடிக்கப் பார்த்த மாதிரி. வரைந்திருக்கிறார்கள். அவர் தூங்கும்போது எதிரே உட்கார்ந்து, இந்த ஆயுசில் முதல் தடவையாக அவர் முகத்தை வரைந்திருக்கிறார்கள். வரைந்துவிட்டுப் பயந்திருக்கிறார்கள். அதனால்தான் பச்சை, பச்சைக்கு மேல் பச்சை, ஆளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியைக் காலியாக்குகிற மாதிரி. அந்த வாரம்தான் அம்மா போனது. ஆளைக் காப்பாற்ற ஆளை மூடினார்களா, போக வேண்டியவரை மூடியதால் வேறொருவர் போக வேண்டியிருந்ததா, சே, நான் என்ன யோசிக்கிறேன், இதெல்லாம் காய்ச்சல், கிணறு, வயசான இதயம். குனிந்தேன். அப்போதுதான் தாடியைப் பார்த்தேன். நாடிக்குக் கீழே, இரண்டாகப் பிரிந்து, கழுத்தை மறைத்து. அம்மா உயிரோடு இருந்தவரை அவர் முகத்தில் ஒருநாள் முடிகூட நின்றதில்லை. நிழலுக்குப் போட்ட கோடாக இருக்கும். அழித்துப் போட்ட கோடுகள் அப்படிச் சேர்ந்திருக்கும். ஈரத்தில் எதுவும் எப்படியும் தெரியும். திரும்பி ஐயரைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், மறுபடி திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

"என்னலே சத்தத்தையே காணோம்" என்றது நாற்காலி. இல்லை என்று சொல்லலாம். இல்லை என்றால் சோறு இறங்காது, இந்தத் தாளைத் தடவித் தடவியே கிழித்துவிடுவார், விலங்கு விலங்கு என்று தன்னையே கடித்துக்கொண்டு இருப்பார், ஆனால் இருப்பார். இருக்கிறீர்கள் என்று சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டு யார் கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாரோ. என் ஒரு வார்த்தையில் அப்படி என்ன இருக்கிறது, நான் மோட்டார் போடுகிறவன், பட்டனை அமுக்கினால் எங்கேயோ தெருவில் யார் வீட்டிலோ தண்ணீர் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும், எந்த வீட்டில் என்று தெரியாது. ஆனால் இந்த முகத்தைப் போட எத்தனை மத்தியானம் அந்த அம்மா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இவர் தூங்குவதற்காகக் காத்திருந்திருப்பார்கள். அதை நான் இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டாவது தடவை பச்சை பூசியதாக ஆகும். "இருக்கீங்க ஐயா" என்றேன்.

"பாவம் பாத்துச் சொல்லாதே." "பாவம் பாக்கல ஐயா. பூசுனது போயிட்டு. கோடு போகல. கோட்டுல இருக்கீங்க." அவர் மூச்சை இழுப்பது கேட்டது. விடுவது கேட்க நேரமாயிற்று. "கண்ணு?" "மூடியிருக்கு. தூங்குதீங்க." "வாயி?" "லேசா தொறந்திருக்கு." "குறட்டை விட்டிருப்பேன்" என்றார், தோள் குலுங்கியது, சிரிப்புதான் என்று முதலில் நினைத்தேன். "கேக்கலியே அவ. நான் சொன்னதைக் கேக்கலியே, பாத்தியா?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இனிமேல் தண்ணீர் தொடாதீர்கள் ஐயா, தாள் கிழிந்துவிடும் என்றேன். தொட மாட்டேன் என்றார். அப்புறம், "எந்த வயசுல போட்டிருக்கா? மாப்பிள்ளையாட்டமா, கிழவனாட்டமா?" என்றார். "இப்ப இருக்குத மாதிரியேதான் ஐயா" என்றேன், தாடியை மட்டும் சொல்லவில்லை. அவருடைய இடது கை மெதுவாக மேலே போய்த் தாடியைத் தொட்டது. தொட்டு, ஒரு பிரிவை நீவி, அடுத்த பிரிவை நீவி, அங்கேயே நின்றது. அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால், மேஜைக்குப் பக்கவாட்டில் எதையோ கேட்கிற மாதிரித் திரும்பியிருந்தது. நானும் காது கொடுத்தேன். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. எங்கள் அடுப்படியில் வயலட் எதையோ தாளித்தாள், கடுகு வெடித்தது.

"தாளிக்குத வாசனை நல்லாருக்கு" என்றார் ஐயர். "ராத்திரிக்கு என்னவாம்?" கத்தரிக்காய்ப் புளிக்குழம்பாக இருக்கும் என்றேன். "ம்" என்றார். பிறகு தாடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார். "இது மிச்சம் கிடக்குலா. சுண்டுவிரல்ல இருந்து வெட்டு." ஸ்டூலில் உட்கார்ந்தேன். நழுவியிருந்த பேப்பரை அவர் மடியில் இழுத்துச் சரிபண்ணினேன், சுண்டுவிரலைப் பிடித்து நகவெட்டியை வைத்தேன்.